மைக் கணக்கும் கவர் கணக்கும்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் தேர்தல் நிதி கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லி குபூஸ் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். அந்த நிலைமையில் ஒருவன் எம்.எல்.ஏ.வுக்கு நன்கொடை கொடுப்பானா என்று நீங்கள் கேட்கலாம். கொடுப்பான். பக்கத்தில் அவனைப் போலவே பட்டினி கிடக்கிறவனிடமும் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பான். இரண்டையும் செய்தவன் நான்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு வந்த வருஷங்கள். துபாயிலிருந்து மலை தாண்டிப் போனால் வரும் புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குள் இறங்கித் துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கும் வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெரிய கம்பெனிக்குக் கீழே ஒரு சின்னக் கம்பெனி, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே நாங்கள். மேலே எங்கேயோ பணம் நின்றுபோய்விட்டது. எங்கே நின்றது என்று கேட்டால் ஒவ்வொருவனும் தனக்கு மேலே இருக்கிறவனைக் கை காட்டினான். பாஸ்போர்ட்டுகள் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வேலையை விட்டு ஓடவும் முடியாது, ஊருக்குப் போகவும் முடியாது.

நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் காம்புக்குப் பாஸ் கான் பாய், உத்தரப் பிரதேசத்துக்காரர். சம்பளம் எப்போது என்று கேட்டால் "கல்" என்பார். ஹிந்தியில் நாளைக்கும் அதே சொல், நேற்றுக்கும் அதே சொல்லாம். அதனால் அந்த மனிதர் பொய் சொன்னார் என்றுகூட நான் குற்றம் சாட்ட முடியாது. எங்கள் சம்பள நாள் நேற்றே போய்விட்டது என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம்.

எனக்காவது பரவாயில்லை. என் ரூமிலேயே இருந்த அடைக்கலத்தின் பாடுதான் கொடுமை. அவன் என் மனைவியின் தம்பி. வளைகுடாவில் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று ஊரில் அளந்துவிட்டு, விசாவுக்கு ஏற்பாடு செய்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நானேதான். (எனக்கே சம்பளம் ஒழுங்காக வராத கம்பெனிக்கு. மச்சினன் மேல் அவ்வளவு பாசம்.) தை மாதம் அவனுக்குக் கல்யாணம் என்று ஊரில் நிச்சயம் செய்துவிட்டார்கள். பெண் வீட்டார் போன் போட்டு மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று கேட்பார்கள். லீவு சொல்லியிருக்கிறேன் என்பான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். நான் ஃபேனைப் பார்ப்பேன்.

என் மனைவியும் போனில் பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "என் தம்பிய எப்ப அனுப்புவீங்க?" என்பது மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. துபாய்க்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வளைகுடாவில் இருக்கும் தமிழர்களின் குறைகளை நேரில் கண்டறிய அரசாங்கம் ஒரு குழுவை அனுப்புகிறதாம். அதில் இவரும் ஒருவர். டிக்கெட், ஹோட்டல், படி எல்லாம் அரசாங்கச் செலவு. அதாவது ஊரில் என் மனைவி வாங்கும் தீப்பெட்டி, டீத்தூள், சோப்பு எல்லாவற்றிலும் பிடித்த வரி. 'கடல் கடந்த சொந்தங்களின் கண்ணீரைத் துடைக்கப் புறப்படும் அண்ணனே' என்று கடைத்தெருவில் பேனர் கட்டியிருப்பதாக அவளே சொன்னாள். அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல்.

குறை கேட்க வந்த குழு எந்த காம்புக்கும் போவதாகத் திட்டமில்லை. பர் துபாயில் ஹோட்டல், இறங்கி நடந்தால் மீனா பஜார். தமிழனின் குறைகள் எல்லாம் சேலைக் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஷாஜகான் பாயை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை டவுன்காரர். எம்.எல்.ஏ.வுக்கு விருந்து வைப்பது அவர்தான் என்று கேள்விப்பட்டு அவருக்கு போன் செய்தேன். ஒரே ஒரு மனு, இரண்டு நிமிஷம் போதும், தூதரகத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாஸ்போர்ட் வந்துவிடும், மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விடுவான் என்று கெஞ்சினேன்.

பாய் நல்ல மனிதர். ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

"வெறுங்கையோட மனு குடுத்தா அதை மடிச்சுப் பல்லு குத்துவாரு தம்பி. கவரோட குடுங்க, படிப்பாரு."

"நன்கொடையா பாய்?"

"நன்கொடையாவது ஒண்ணாவது. எனக்கு ஊர்ல பைபாஸ்ல கட்டடம் கட்டணும், பர்மிஷன் வரல. நான் குடுக்குறது அட்வான்ஸ்."

கூடவே எச்சரித்தார். அந்த நாட்டில் அனுமதி இல்லாமல் வசூல் செய்வது குற்றம். வசூல் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. இது வெறும் விருந்து. கவரைக் கையில் கொடு, வணக்கம் சொல்லு, மனுவை நீட்டு. ரூபாயைப் பற்றி மூச்சு விட்டால் எல்லாருக்கும் கலாஸ், கதை முடிந்தது.

சரி என்றேன். இவ்வளவு தெளிவாக வாழ்க்கையில் எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

காம்புக்கு வந்து எங்கள் பக்கத்து ஆட்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். அடைக்கலம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"மச்சான், அவரு நம்ம கொறைய கேக்க வந்தாரா, நம்மகிட்டக் காசு கேக்க வந்தாரா?"

"அரசியல்னா ஒனக்கு என்னடா தெரியும்?" என்றேன். எனக்கு என்ன தெரியும் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் மொய் விருந்து என்று ஒன்று உண்டு. கையில் பணம் இல்லாதவன் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுவான். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியதை மைக்கில் ஊர் பேரோடு, அப்பா பேரோடு வாசிப்பார்கள். வாங்கியவன் அடுத்தவன் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்தே தீர வேண்டும். செய்யாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. எம்.எல்.ஏ.வும் எங்கள் பக்கத்து ஆள்தான், மொய் வாங்கினால் திருப்பிச் செய்யாமல் எங்கே போவார் என்று நினைத்தேன். ஊரில் தலைகாட்டுகிறவனுக்குத்தான் அந்தப் பயம் எல்லாம். இவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுகிறவர். அது எனக்கு உறைக்கவில்லை.

இருபது, முப்பது என்று கொடுத்தார்கள். கறுப்பையா என்று ஒருவர், வயதானவர், மாத்திரை வாங்க வைத்திருந்த இருபது திர்ஹாமைக் கொடுத்தார். அடைக்கலம் அந்தப் பெண்ணுக்கென்று வாங்கி வைத்திருந்த கைக்கடிகாரத்தைப் பக்கத்து ரூம் பங்காளதேஷ்காரனிடம் விற்றுவிட்டு வந்து ஐம்பதை நீட்டினான். நான் கடன் வாங்கி நூறு போட்டேன். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு விருந்து. கேட்டை விட்டு வெளியே போக கான் பாய் தயவு வேண்டும், வண்டியும் அவருடையதுதான். அவரையும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். பிரியாணிக்காக அவர் வந்தார். நான் கூப்பிட்டதற்குக் காரணம் வேறு. எங்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆள் இருக்கிறார் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றிருந்தேன். அதனால் முன்வரிசையில் இடம் பிடித்து உட்காரவைத்தேன். (இதையும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.)

ஓட்டல் மாடியில் ஹால். கடைக்காரர்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், சென்ட் வாசனை. நாங்கள் துவைத்த சட்டையில்தான் போனோம், ஆனால் டேங்க் பெயிண்ட் நகக்கண்ணை விட்டுப் போகாது. கையை மடக்கியே வைத்திருந்தோம். எம்.எல்.ஏ. வெள்ளைச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரோடு வந்த கட்சி ஒன்றியச் செயலாளர். பேர் ஞாபகமில்லை, எல்லோரும் ஒன்றியம் என்றே கூப்பிட்டார்கள்.

கவர்கள் ஒவ்வொன்றாக மேசைக்குப் போயின. ஒன்றியத்துக்குத் திருப்தி இல்லை. "யாரு என்ன குடுத்தான்னு அண்ணனுக்குத் தெரிய வேணாமா? பேரச் சொல்லிக் குடுங்கப்பா" என்றார். ஷாஜகான் பாய் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஒன்றியம் என் பக்கம் திரும்பி எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, மொய் வாசிக்கிற ஊருக்காரனுங்கதானே நீங்க. வந்து வாசி."

ஊரில் நான் மொய் வாசித்தவன்தான். தொண்டை நல்ல தொண்டை. அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது. பாய் சொன்ன எச்சரிக்கை, அந்த நாட்டுச் சட்டம், எல்லாம் மறந்துபோய் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

முதலில் கடைக்காரர்கள், அவரவர் என் காதில் சொன்ன தொகை. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அடுத்து எங்கள் ஆட்கள்.

"புஜைரா காம்ப், சின்னையா மகன் கறுப்பையா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எம்.எல்.ஏ. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பின்னால் இருபது என்று எப்படிச் சொல்வது? ஒரு சைபர்தானே என்று தோன்றியது.

"இருநூறு திர்ஹாம்."

கைதட்டல். கறுப்பையா தன் பேரில் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் என் வசத்தில் இல்லை. முப்பது முன்னூறானது. நாற்பது நானூறானது. அடைக்கலத்தின் ஐம்பது, பெண்ணின் கைக்கடிகாரம், ஐநூறானது. என் பேரையும் நானே வாசித்து ஆயிரம் என்றேன். எம்.எல்.ஏ. எழுந்து வந்து, தனக்குச் சற்று முன்னால் யாரோ போட்ட பொன்னாடையைக் கழற்றி என் தோளில் போட்டார். அந்தக் கணத்தில் கண் கலங்கிவிட்டேன் என்பது உண்மை. அது எந்தக் கண்ணீர் என்று பேனர்காரனைத்தான் கேட்க வேண்டும்.

அதற்குள் ஷாஜகான் பாய் ஓடிவந்து வயரைப் பிடுங்கிவிட்டார். மைக் செத்தது. "தம்பி, வசூல்னு போலீஸுக்குக் கேட்டா கடைய மூட வச்சிருவாங்க" என்று பல்லைக் கடித்தார்.

எம்.எல்.ஏ.வுக்கு மைக் தேவையில்லை. மைக் இல்லாமலேயே பேசினார். காம்பில் இருக்கிற தொழிலாளிகூட இன்று ஐநூறு, ஆயிரம் என்று அள்ளிக் கொடுக்கிறான், வளைகுடாவில் தமிழன் எவ்வளவு செழிப்பாக இருக்கிறான் என்பதை இன்று கண்ணால் கண்டேன், இதைச் சட்டமன்றத்தில் பதிவு செய்வேன் என்றார். ஹால் முழுக்கக் கைதட்டியது. நாங்களும் தட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் என்ன சொன்னார் என்பது மண்டையில் ஏறியது.

மனுவை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். இரண்டு வரி படித்தார்.

"என்னப்பா இது? அஞ்சு மாசமா சம்பளம் இல்லேங்குறே. சம்பளம் இல்லாதவன் எப்படிப்பா ஆயிரம் குடுப்பான்?"

உண்மையைச் சொன்னால் மைக்கில் பொய் சொன்னவன். பொய்யைக் காப்பாற்றினால் மனு பொய். நான் பொன்னாடையின் ஜரிகையைத் தடவிக்கொண்டு நின்றேன். அடைக்கலம்தான் முன்னால் வந்தான்.

"அண்ணே, நான் குடுத்தது அம்பது. எல்லாருதுலயும் மச்சான் ஒரு சைபர் சேத்துட்டாரு. எங்களுக்குப் பாஸ்போர்ட்டு மட்டும் வாங்கிக் குடுங்க. தையில எனக்குக் கல்யாணம்."

இப்படி ஒரு நேரான பேச்சு அந்த ஹாலில் அன்று வேறு யாரும் பேசவில்லை. ஒன்றியம் எங்கள் கவரைக் கிழித்து, நோட்டுகளை விரலை நனைத்து எண்ணினார். பிறகு கவரைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார்.

"மைக்ல சொன்ன கணக்கு ஒண்ணு, கவர்ல இருக்குற கணக்கு ஒண்ணு. மிச்ச சைபரெல்லாம் எங்கப்பா? நடுவுல அமுக்கிட்டியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எம்.எல்.ஏ.வின் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை, அசிங்கத்தைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை. சின்னத் திருடனைப் பெரிய திருடன் பார்ப்பானே, அது. மனுவை மேசையில் வைத்தார். பிரியாணித் தட்டை வைக்க இடமில்லாமல் யாரோ அதன் மேலேயே வைத்தார்கள். கவரை மட்டும் ஒன்றியம் திருப்பித் தரவில்லை. சைபர் இல்லாவிட்டாலும் பணம் பணம்தானே.

மலைப்பாதையில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. கான் பாய் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினார். மசாஃபி என்ற ஊரைத் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார், ஐநூறு கொடுத்தது யார் என்று. "ஐநூறு" என்பதைத் தமிழிலேயே கேட்டார். பல வருஷம் தமிழர்களை மேய்த்தவர். அவருக்குத் தமிழில் வேறெதுவும் வராது, எண்கள் எல்லாம் வரும். முன்வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணையும் அவர் காதில் ஊதியிருக்கிறேன்.

சைபர் விஷயத்தை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். "அச்சா, அச்சா" என்றார். நம்பவில்லை. மறுநாளே எங்கள் கஃபீலிடம், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியிடம் போய், இவன்களிடம் பணம் இருக்கிறது, தலைவருக்கு ஆளுக்கு ஐநூறு கொடுக்கிறான்கள், என்னிடம் மட்டும் பட்டினி என்று அழுகிறான்கள் என்று சொல்லியிருக்கிறார். கஃபீலும் மனிதர்தானே. இவ்வளவு வசதியாக இருக்கிறவர்களுக்குச் சம்பளத்தில் என்ன அவசரம் என்று நினைத்திருக்கலாம். அதுவரை கம்பெனி அரைகுறையாகக் கொடுத்துவந்த அரிசியும் பருப்பும் அடுத்த வாரம் நின்றது. கேட்டால் கான் பாய் சிரித்துக்கொண்டே மைக் பிடிக்கிற மாதிரி கையை வாயருகே வைத்துக் காட்டுவார். "மாஃபி" என்று ஒரு வார்த்தை, அரபியில் இல்லை என்று அர்த்தம். முடிந்தது.

தை வந்தது. தை போனது. பெண் வீட்டார் குறித்த முகூர்த்தத்தை விடவில்லை. அதே மண்டபம், அதே மேளம், அதே சமையல்காரர். மாப்பிள்ளை மட்டும் வேறு. பெண் எங்களுக்கும் தூரத்துச் சொந்தம் என்பதால் அந்தக் கல்யாணத்துக்கு என் மனைவி மொய் எழுதப் போக வேண்டியிருந்தது. எழுதிவிட்டு வந்து எனக்கு போன் செய்தாள். அவள் போன் கார்டில் காசு தீரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடைக்கலம் அன்று லீவு கேட்காமல் டேங்குக்குள் இறங்கி, எல்லோரையும்விட அதிகமாகத் துரு சுரண்டினான்.

அதன் பிறகுதான், எந்தத் தலைவரும் இல்லாமல், நாங்களே ஒரு நாள் லேபர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. அங்கே யாரும் எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. பல நாள் அலைந்து, வைகாசியில் பாஸ்போர்ட்டும் பாதிக்கும் குறைவான சம்பளமும் கிடைத்தது. மிச்சத்தைக் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினோம்.

குழுவின் அறிக்கை அதற்குள் வந்துவிட்டிருந்தது. வளைகுடாத் தமிழர்கள் பொதுவாக வளமாகவே இருக்கிறார்கள் என்று எம்.எல்.ஏ. பேசியதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். முகம் மலர ஆயிரம் திர்ஹாம் கொடுத்த ஒரு பெயிண்டரைப் பற்றியும் அவர் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பெயிண்டர் நான். எங்கள் வரிப்பணத்தில் எங்களிடம் வந்து, எங்கள் பணத்தையும் வாங்கிக்கொண்டு, எங்களுக்குக் குறையே இல்லை என்று எங்கள் பெயராலேயே சொல்லிவிட்டார். தேர்தலில் முன்பைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். ஷாஜகான் பாயின் கட்டடம் பைபாஸில் எழும்பியது, திறந்துவைத்தவரும் அவரே. மொய்க்கு மொய் சரியாக வந்து சேர்ந்த ஒரே ஆள் பாய்தான்.

அடைக்கலத்துக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணமானது. நல்ல பெண். ஆனால் அவனுக்கு என்மேல் ஒரு பிடி கிடைத்துவிட்டது. வீட்டில் நான் எந்தத் தொகையைச் சொன்னாலும், மீன் என்ன விலை, பையனுக்கு என்ன ஃபீஸ், எதைச் சொன்னாலும், "மைக் கணக்கா மச்சான், கவர் கணக்கா?" என்பான். அவனிடமிருந்து என் மனைவிக்குத் தொற்றி, அவளிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றிவிட்டது. பரீட்சையில் எண்பது என்று மகள் சொன்னால் மகன் கேட்கிறான், மைக்கா கவரா என்று. எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்களா என்று எனக்கும் தெரியாது.

அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அதே எம்.எல்.ஏ. நின்றார். ஓட்டுக்கு முந்தைய நாள், பக்கத்துத் தெரு கட்சிக்காரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அடைக்கலமும் அன்று வீட்டில் இருந்தான்.

"வீட்டுக்கு ரெண்டாயிரம் குடுக்கச் சொல்லியிருக்காரு அண்ணன். பாத்துச் செய்ங்க" என்று கும்பிட்டுவிட்டு, என் மனைவி கையில் கவரைத் திணித்துவிட்டுப் போனான்.

அவள் பிரித்தாள். இருநூறு இருந்தது. கவரைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். வேறொன்றும் விழவில்லை.

அடைக்கலம் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அன்னைக்கு நீ சேத்த சைபர எடுத்துக்கிட்டான் மச்சான். கணக்கு நேராயிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவரை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.